சரிகைக்கு நேரே காலியிடம்

அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு அங்குல மர ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இருக்கும், கோயிலிலும் இருக்கும். அவருடைய தங்கை செத்துப்போன அன்று துக்கம் கேட்கப் போயிருந்தேன். வெறும் காலோடு, தலையைக் குனிந்துகொண்டு பந்தலில் நின்றிருந்தார். அன்றைக்கும் பையில் அந்த ஸ்கேல் இருந்தது.

எழுபதுகளில் ஆரணியில் நான் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தேன். ஒரு ட்ரெடில் மிஷின், சில தட்டு ஈய எழுத்து, எழுத்துக் கோக்க நான், மிஷின் மிதிக்க இன்னொருவர். அவ்வளவுதான் பிரஸ். கடைத்தெருவில் இருந்த ஒரு பெரிய பட்டுக் கடைக்கு லேபிள் அடித்துக் கொடுப்பதுதான் எனக்கு வந்த வேலையில் பாதி. அந்தக் கடையின் சரக்கறை அவர் பொறுப்பில் இருந்தது. நெசவாளர்களுக்குப் பட்டு நூலையும் சரிகையையும் எடுத்துக் கொடுப்பார். நெய்து வரும் சேலையைப் பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்வார். அதற்கு லேபிள் எழுதி நூலில் கோத்துக் கட்டுவார். அந்த லேபிளில் எது எங்கே வர வேண்டும் என்று வரைந்து என்னிடம் கொண்டுவருவதும் அவர்தான். ஊரில் எந்தக் கடையிலும் லேபிளுக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்கள் கிடையாது. வெள்ளை அட்டையை வெட்டி, விலையை எழுதி, குண்டூசி குத்திவிடுவார்கள்.

முதல் தடவை வந்தபோது மூன்றங்குல நீளம், இரண்டங்குல அகலத்தில் ஒரு மணிலா அட்டையைக் கொண்டுவந்தார். பென்சிலால் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். இடது மூலையில் நூல் கோக்க ஓட்டை. அதற்குக் கீழே சேலை எண், நிறம், எடை, சரிகை, நெசவு, விலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத இடம். நிறத்துக்குக் கூடுதலாகவும் எடைக்குக் குறைவாகவும் இடம் விட்டிருந்தார்.

"கத்தரிப்பூன்னு எழுதணும்னா எத்தனை எழுத்து பாருங்க. எடைக்கு மூணு எழுத்து போதும்" என்றார்.

நெசவு என்ற இடத்தில் என்ன வரும் என்று கேட்டேன். தறிக்காரருடைய நம்பர் என்றார். அது அவருடைய யோசனை. மற்றக் கடைகளில் சேலை உள்ளே வந்த பிறகு அதை நெய்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

"எந்தத் தறியில நெய்ததுன்னு லேபிள்லயே இருந்துதுன்னா நல்லா நெய்யறவங்களுக்கு நல்ல பேரு வரும்ங்க. இன்னார் நெய்தது வேணும்னு கேட்டு வாங்கறவங்க வருவாங்க" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்ததும் ஒரு தறிக்காரருக்குத்தான். அவரும் அந்தக் கடைக்கே நெய்தார். கடை கொடுத்த நம்பர் நாற்பத்தொன்று. முதல் கட்டு லேபிள் அடித்து முடிந்ததும் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அதிகம் பேசமாட்டார். "நம்ம நம்பர் வருமா இதுல" என்று மட்டும் கேட்டார்.

லேபிள் வரைந்து தந்த அவருக்குப் பொய் வராது என்று கடைத்தெருவில் எல்லோரும் சொல்வார்கள். ஆரம்பத்தில் அவரையும் விற்பனைக்குத்தான் உட்கார வைத்திருந்தார்களாம். ஒருமுறை கல்யாணத்துக்கு எடுக்க வந்த ஒரு அம்மாள், சாயம் போகுமா என்று கேட்டாள். "ரெண்டு தண்ணிக்குப் போவுங்க, அப்புறம் நின்னுடும்" என்றாராம். அவர்கள் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். அதற்கு அவர், "கேட்டாங்க, சொன்னேன்" என்றார். மறுநாளே சரக்கறைக்கு மாற்றிவிட்டார்கள். இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

நான் விளையாட்டாகக் கேட்டேன். "அந்தம்மா கேக்கலைன்னா சொல்லியிருப்பீங்களா?"

"கேக்காததைச் சொல்றது எனக்குப் பழக்கமில்லீங்க."

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது. அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க என்னிடமே வந்தார். அவருடைய மனைவி வீட்டாருக்கும் அண்ணனுக்கும் ஏதோ பழைய சண்டை. அண்ணன் பேர் பத்திரிகையில் இருந்தால் மனைவி வீட்டார் வரமாட்டார்கள். இல்லாவிட்டால் அண்ணன் வரமாட்டார். அவர் ஸ்கேலை வைத்து அளந்து, அழைப்போர் பேர்களுக்கு நடுவே ஒரு வரி அளவுக்கு இடம் விடச் சொன்னார். அண்ணன் பக்கத்துக்குக் கொடுத்த பத்திரிகைகளில் அந்த வரியில் அண்ணன் பேரை மசியால் அச்சு மாதிரியே எழுதினார். மற்றவர்களுக்கு அப்படியே விட்டுவிட்டார். இரண்டு தரப்பும் வந்து ஒரே பந்தியில் சாப்பிட்டுப் போனார்கள். கெட்டிக்காரர் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சரிகை விலை ஏறியது. சில கடைக்காரர்கள் வெள்ளி குறைந்த, செம்புக் கம்பி கலந்த சரிகையை வாங்கிவர ஆரம்பித்தார்கள். பாதிச் சரிகை என்று அதற்குப் பேர். புதிதில் அசல் மாதிரியே மின்னும். ஆறு மாதத்தில் மடிப்பெல்லாம் கறுத்துவிடும். பாதி என்று சொல்லியே விற்றால் அதில் தப்பில்லை. அந்தப் பட்டுக் கடை முதலாளிக்கு அப்படிச் சொல்லி விற்க மனமில்லை. எல்லா லேபிளிலும் 'அசல் சரிகை' என்று அச்சிலேயே போட்டுவிடும்படி அவரிடம் சொன்னார்.

அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். வேலையே போனாலும் சரி, பொய்யை அச்சில் போடமாட்டேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னாராம். இந்தச் செய்தி கடைத்தெரு முழுக்கப் பரவியது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் வந்தால் எழுந்து நின்று நாற்காலி போட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் புதிய மாதிரியோடு வந்தார். எல்லாக் கட்டங்களும் பழையபடியே இருந்தன. சரிகைக்கு நேரே மட்டும் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் மட்டும் அட்டை வழவழப்பாக இருக்க வேண்டும், பென்சிலால் எழுதினால் நன்றாகப் பதிய வேண்டும், ரப்பர் வைத்தால் சுத்தமாக அழிய வேண்டும் என்றார். மணிலா அட்டை வேண்டாம், இந்த அட்டை போடுங்கள் என்று ஒரு துண்டையும் கொடுத்தார்.

"இதுல யார் எழுதுவாங்க?" என்று கேட்டேன்.

"விக்கறவங்க எழுதிக்குவாங்க. நான் மத்ததெல்லாம் எழுதிக் கட்டிடுவேன். அந்த எடத்தை மட்டும் விட்டுடுவேன்."

"அவங்க எல்லாத்துலயும் அசல்னு எழுதுவாங்களே."

"அது அவங்க கை. நான் எடம்தானே விட்டேன். எதுவும் எழுதலீங்களே" என்றார். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கணக்குப் போட்டுச் சரியான விடை வந்தவர் மாதிரி இருந்தார்.

ஈய எழுத்துக் கோப்பதில் காலியிடம் தானாக வந்துவிடாது. எழுத்து இல்லாத இடத்திலும் எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டுகளை எண்ணி வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற வரிகள் நிற்காது. அன்றைக்கு அந்த இடத்தை அடைத்தது என் கைதான்.

மாதிரி கொண்டுவரும்போதெல்லாம் அவர் ஒரு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சேலைக்கான விவரங்களையே கட்டங்களில் எழுதிக் கொண்டுவருவார். எல்லாம் இடத்தில் அடங்குகிறதா என்று பார்க்கத்தான் அது. மாதிரிக்குக்கூட இல்லாத சேலையை எழுதமாட்டார். அந்தப் புதிய மாதிரியிலும் அப்படியே எழுதியிருந்தார். அரக்கு நிறம். நெசவு நாற்பத்தொன்று. சரிகைக்கு நேரே, 'பாதி, கடை கொடுத்தது.' மாமாவின் நம்பர் இருந்ததால் அது என் கண்ணில் பட்டது. புரூஃப் திருத்தி முடிந்ததும் வழக்கம்போல அந்தத் தாளைச் சுவரில் இருந்த கம்பியில் குத்தி வைத்தேன்.

எட்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, லேபிள் கட்டைக் கொடுக்க நானே கடைக்குப் போயிருந்தேன். கண்ணமங்கலத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது. மகளின் முகூர்த்தச் சேலையை விரித்துப் போட்டிருந்தார்கள். அரக்கு நிறம். மடிப்பு மடிப்பாகச் சரிகை கறுத்திருந்தது. சம்பந்தி வீட்டில் பெண்ணை ஏதோ சொல்லியிருக்கிறார்கள். தகப்பனார் அதிர்ந்து பேசவில்லை. "அசல்னு சொல்லித்தானே குடுத்தீங்க. எம் பொண்ணு அங்க தலை நிமிர முடியலீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். லேபிளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். முதலாளி அதை வாங்கிச் சரக்கறையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்.

"இன்னா போட்டிருக்குன்னு படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அரக்கு. சரிகை அசல். நெசவு நாப்பத்தொண்ணு."

"அசல்னு எழுதினது உங்க எழுத்தா?"

"இல்லீங்க. விக்கறவங்க பென்சில்ல எழுதினது. நான் அந்த எடத்துல எதுவும் எழுதறதில்லீங்க."

"நெசவு நம்பர் உங்க எழுத்தா?"

"ஆமாங்க."

முதலாளி அந்தக் குடும்பத்தின் பக்கம் திரும்பினார். "நாங்க குடுத்த சரிகை அசல்ங்க. தறியிலதான் மாத்தியிருக்கான். நல்ல காலம், எவன்னு நம்பர் இருக்கு. உங்களுக்கு வேற சேலை தர்றேன். இவனை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் லேபிளை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். சரிகையை எடுத்துக் கொடுத்தவர் அவர். என்ன சரிகை கொடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முதலாளி கேட்கவில்லை. அந்தக் குடும்பத்துக்குக் கேட்கத் தெரியவில்லை. மாமா அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காகத் தேவிகாபுரம் போயிருந்தார். நான் கையில் லேபிள் கட்டோடு கதவருகில் நின்றிருந்தேன்.

மறுநாள் காலை அவர் என் பிரஸ்ஸுக்கு வந்தார். வேறு ஏதோ புரூஃப் பார்க்க. மிஷின் மிதிப்பவரை டீ வாங்க அனுப்பிவிட்டு நான் கேட்டேன்.

"சார், நாப்பத்தொண்ணு எங்க மாமாங்க."

"தெரியும்ங்க."

"அவருக்குக் குடுத்தது பாதிச் சரிகைதானே?"

"ஆமாங்க. என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்."

"நேத்து சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலீங்களே. நீங்களும் அங்கதானே நின்னுகினு இருந்தீங்க. நீங்க கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. கம்பியைக் காட்டினேன். "நீங்க எழுதின மாதிரி எங்கிட்ட இருக்கு. பாதி, கடை கொடுத்ததுன்னு உங்க கையெழுத்துல இருக்கு. எங்க மாமா அரக்குல நெய்தது அந்த ஒரு பாவுதான் சார்."

தறியில் ஒரு தடவை ஏற்றுகிற நீள நூல்தான் பாவு; அதில் மூன்று நான்கு சேலை நெய்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சரிகைதான் போகும். அந்தத் தாள் போதும், மாமா திருடவில்லை என்பதற்கு. அவருக்கும் அது தெரியும். அவர் பதறவில்லை. கம்பியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இருக்கட்டும்ங்க. என் எழுத்துதான். யார் கொண்டாந்து காட்டிக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "நீங்க கொண்டாந்து காட்டுவீங்களா?"

அதில் கேலி இல்லை, மிரட்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கடை வேலை போனால் வாரத்தில் மூன்று நாள் என் மிஷின் சும்மா நிற்கும். எனக்கு இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த புரூஃபை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஸ்கேலை எடுத்து அதை அளக்க ஆரம்பித்தார்.

மாமாவுக்கு அந்தக் கடையில் பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். விஷயம் பரவி மற்றக் கடைகளும் கையை விரித்தன. சரிகையை மாற்றுகிறவன் என்று பேர் எடுத்த தறிக்காரரை யார் சேர்ப்பார்கள்? ஊர்ப் பெரியவர்களிடம் போகலாம் என்று நான் ஒப்புக்குச் சொன்னேன். "திருடன்னு சொன்னவங்க வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்றார் மாமா. ஒரு வாரம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். பிறகு அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனார். உட்கார்ந்தே வேலை செய்து பழகிய உடம்பு. முதல் மாதத்திலேயே முதுகு வீங்கிப் படுத்துவிட்டு, எழுந்து மறுபடியும் போனார். இருந்த வீட்டை விட்டு மில்லுக்குப் பக்கத்தில் ஒரே அறையில் குடியேறினார்கள். அந்த அறையில் தறிக்கு இடமில்லை.

அதற்குப் பிறகும் அவர் எனக்கு லேபிள் வேலை கொண்டுவந்துகொண்டுதான் இருந்தார். நானும் அடித்துக்கொடுத்தேன். ஒருமுறை கொண்டுவந்த மாதிரியில் நெசவு என்ற வரியே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது இல்லாமலே இருக்கட்டும்னு தோணுச்சுங்க" என்றார். ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் திரும்பி வந்தார். முதலாளி அந்த வரி வேண்டும் என்கிறார் என்று சொல்லி, பழைய இடத்திலேயே அதை எழுதிக் கொடுத்தார். நான் மறுபேச்சுப் பேசாமல் கோத்தேன். அவரைத் திட்ட வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவர் எதிரே வந்து நின்றால் நாற்காலியைத்தான் நகர்த்திப் போட்டேன்.

சில வருஷங்களில் கடை முதலாளியின் மகன் மெட்ராஸிலிருந்து பளபளவென்று ஒட்டும் லேபிள்களை அடித்து வாங்கிவர ஆரம்பித்தான். அவருடைய மாதிரிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மகள் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பிரஸ்ஸில் பழைய தாள்கள் சேர்ந்து இடத்தை அடைத்தபோது கம்பியில் இருந்ததையெல்லாம் உருவி எடைக்குப் போட்டேன். போடும்போது அந்த ஒரு தாளைத் தேடிப் பார்க்கவில்லை.

மாமா மில்லுக்குப் போன ஏழாம் வருஷம் செத்துப்போனார். காரியம் முடிந்த மறுநாள் உறவெல்லாம் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா எனக்கு இலை போட்டாள். அந்த அறையில் நானும் அவளும் மட்டும்தான். இதற்கு மேல் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அவள் சோற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அந்தக் காயிதத்தைப் பத்தியா?"

நான் தலையாட்டினேன்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. சேதி தெரிஞ்ச மூணாம் நாளு நான்தான் அந்த லேபிள்காரர் வூட்டுக்குப் போய்க் கேட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டாருன்னு ஊரே சொல்லுதேன்னு போனேன். எல்லாம் சொன்னாரு. பாதிச் சரிகை கடையில குடுத்ததுதான்னாரு. கடையில வந்து சொல்லுங்கன்னேன். முதலாளி கேட்டா சொல்றேன், அவரு கேக்க மாட்டாருன்னாரு. எழுதினது எதுனா இருக்குதான்னு கேட்டேன். உன் தம்பிகிட்ட இருக்குதுன்னாரு."

"நீ எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேக்கா."

"நான் கேக்கறேன்னுதான் சொன்னேன். உங்க மாமாதான் வேணான்னுட்டாரு. அவனே எடுத்துகினு வருவான், நாம கேட்டா நல்லாருக்காதுன்னாரு. அந்த வாரம் பூரா கதவைத் தெறந்து வெச்சிகினு உக்காந்திருந்தாரு. அப்புறம் மில்லுக்குப் போயிட்டாரு."

அவள் ரசச் சட்டியை எடுத்து என் இலைப் பக்கம் நகர்ந்தாள். "சோத்தைக் குழி பண்ணிக்கோ, ஓடிடப் போவுது" என்றாள்.